லைடன் தீவின் அமைதியான வீதி

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே கிடக்கும் தீவுகளை ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களால் அழைத்தார்கள். காரைநகர் அவர்களுக்கு ஆம்ஸ்ரர்டாம். புங்குடுதீவு மிடல்பேர்க். நயினாதீவு ஹார்லெம். அனலைதீவு ரொட்டர்டாம். நெடுந்தீவு டெல்ஃப்ட், ஆங்கில வரைபடங்களில் இன்றுவரை நன்றாக வேரூன்றி நிற்பது அந்த ஒரு பெயர்தான். வேலணை, சரவணை, புளியங்கூடல், நாரந்தனை, கரம்பொன், ஊர்காவற்றுறை என்று ஊர்களைச் சுமந்து நீண்டு கிடக்கும் தீவுக்கு அவர்கள் இட்ட பெயர் லைடன்.

வரலாற்றின் குறும்பு என்றுதான் இதனைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயர்களுக்குரிய நகரங்கள் எல்லாம் இன்று சைக்கிளுக்குப் பேர்போனவை. ஒல்லாந்தில் மனிதரைவிடச் சைக்கிள்கள் அதிகம். பேராசிரியரும் சைக்கிளில் வருவார், பிரதம மந்திரியும் சைக்கிளில் வருவார். நமது லைடனிலும் நமது ஆம்ஸ்ரர்டாமிலும் சைக்கிள் வறியவனின் வாகனமாகி, வீதியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, அந்த ஓரத்திலிருந்தும் கீழே இறங்கும் நிலைக்கு வந்துகொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது அந்த ஓரத்தைப் பற்றித்தான்.

ஒல்லாந்தர் பிறக்கும்போதே சைக்கிளுடன் பிறந்தவர்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதுவல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வந்த செழிப்பில் அவர்களும் காருக்காக வீதிகளை அகட்டினார்கள், பழைய தெருக்களை இடித்தார்கள். 1971ஆம் ஆண்டில் மட்டும் அந்தச் சிறிய நாட்டில் வீதி விபத்துகளில் மாண்டவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். அதன் பின்னர்தான் பெற்றோர் தெருவுக்கு இறங்கினார்கள். குழந்தைக் கொலையை நிறுத்து என்பதே அவர்கள் தங்கள் இயக்கத்துக்கு வைத்த பெயர். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று அரசாங்கமே உத்தரவிட்டபோது, மக்கள் வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் சைக்கிள் ஓட்டிப் பார்த்தார்கள். இன்று நாம் படங்களில் கண்டு வியக்கும் அந்தச் செந்நிறச் சைக்கிள் பாதைகள், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் கேட்டு வாங்கியவை.

இனி அல்ப்ஸ் மலைநாட்டுக்கு வருவோம். புளியங்கூடலிலும் அதன் அயலூர்களிலும் பிறந்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால், சுவிற்சர்லாந்து என்ற பதில் அடிக்கடி வரும். அந்த நாட்டில் 1998இல் ஒன்பது தேசியச் சைக்கிள் வழிகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் கொடுத்தார்கள். ஒன்பதாவது எண்ணுக்குரியது ஏரிகளின் வழி. ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள மொன்றோவில் தொடங்கி, தூன் ஏரி, பிரியன்ஸ் ஏரி, லுசேர்ன் ஏரி என்று கரை தொட்டுக் கரை தொட்டுச் சென்று, கிழக்கே கொன்ஸ்ரன்ஸ் ஏரியில் முடிகிறது. சிவப்புப் பலகையில் வெள்ளைச் சைக்கிள் படமும் ஓர் எண்ணும் போட்டிருக்கும். அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தவறாது. பெரும்பாலான இடங்களில் புதிதாக ஒரு பாதையும் போடவில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. வாகனம் குறைந்த பழைய ஊர் வீதிகளையும் வயல் வீதிகளையும் தேடிக் கோத்துவிட்டார்கள். இருந்ததைக் கண்டுபிடித்தார்கள், பெயரிட்டார்கள், காப்பாற்றினார்கள். 2018 செப்ரெம்பரில் நாடளாவிய வாக்கெடுப்பு நடத்தி, சைக்கிள் வழிகளை அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். நூற்றுக்கு 73க்கு மேற்பட்டோர் ஆதரித்தனர். அதற்கான சட்டம் 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

அந்த ஏரிகளின் படங்களை நம்மவர்கள் முகநூலில் போடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவர்கள் பிறந்த ஊரைச் சுற்றியும் ஓர் ஏரி இருக்கிறது. கடனீரேரி என்ற சொல்லிலேயே அது உண்டு.

யாழ்ப்பாண நகரில் கோட்டையடியில் புறப்படுங்கள். பண்ணைத் தாம்போதியில் ஏறினால் இருபுறமும் ஆழமற்ற கடல். களங்கண்டிக் கம்புகள் நீருக்கு மேலே வரிசையாகத் தெரியும். முழங்காலளவு நீரில் நின்று வலை வீசுபவர்களைக் காணலாம். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் என்று வேலணைக்குள் நுழைந்ததும் வீதிகள் பிரிகின்றன. நயினாதீவுக்குப் போகும் பஸ்களும் வான்களும் புங்குடுதீவுப் பக்கமாக, வாணர் தாம்போதியை நோக்கித் திரும்பிவிடும். அவை திரும்பிய பின்னர் காதுக்குள் ஓர் அமைதி வந்து இறங்கும். சரவணை, புளியங்கூடல், நாரந்தனை, கரம்பொன் வழியாக ஊர்காவற்றுறை வரை அந்த அமைதி கூடவே வரும். பனங்கூடல்கள், மதிலுக்குள் பூட்டிக் கிடக்கும் வீடுகள், வடலி வளர்ந்த காணிகள், புதிதாக வர்ணம் பூசிய கோவில்கள், வீதியைத் தமது முற்றமாகக் கருதும் கட்டாக்காலி மாடுகள், வெள்ளைச் சீருடையில் சோடி சோடியாகச் சைக்கிளில் போகும் பள்ளிப் பிள்ளைகள். தீவு முழுவதும் தட்டையானது. ஏற்றம் என்று சொல்லத்தக்க ஓர் ஏற்றம் கிடையாது.

மலையில்லாத நாட்டில் மலையின் வேலையைக் காற்று செய்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து மேற்கே மிதிப்பவருக்கு முகத்தில் அறையும் காற்று. அதனால் விடியுமுன் புறப்பட்டு, காற்று எழும்புவதற்குள் தீவைக் கடந்துவிடுவது பழையவர்களின் வழக்கம். வாடைக்காற்றுக் காலத்தில் நிலைமை மாறும், வருகிற வழியில்தான் கால் கடுக்கும். மாரி ஓய்ந்த தை, மாசி மாதங்கள் சைக்கிளுக்கு உகந்தவை. பூநாரைகளும் வேறு வலசைப் பறவைகளும் கடனீரேரியில் நிற்கும் காலமும் அதுதான். சித்திரை வெயிலில் இந்த வீதியில் இறங்குவது தண்டனை. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

ஊர்காவற்றுறையில் நிலம் முடிகிறது, வழி முடிவதில்லை. அங்கே பாதை இருக்கிறது. நமது பிரதேசத்துக்கு வெளியே உள்ள வாசகர்களுக்கு இந்தச் சொல் குழப்பம் தரலாம். மனிதரையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி, துறையிலிருந்து துறைக்குக் கொண்டுசெல்லும் மிதவையை நாங்கள் பாதை என்கிறோம். சில நூறு மீற்றர் நீர்தான், மறுகரையில் காரைநகர். நடுநீரில் நிற்கும்போது கடற்கோட்டை தெரியும். இலங்கைத் தீவு பன்றித் தொடையின் வடிவில் இருப்பதாகக் கண்ட ஒல்லாந்தர், இந்த இடத்தை அதன் குதிக்கால் என்று கருதி ஹமன்ஹீல் என்று பெயரிட்டார்கள். இன்று கடற்படை அதனை உல்லாச விடுதியாக நடத்துகிறது. காரைநகரில் இறங்கி, பொன்னாலைத் தாம்போதியால் மீண்டும் குடாநாட்டுக்குள் நுழைந்து, மூளாய், வட்டுக்கோட்டை, அராலி வழியாகக் கல்லுண்டாய் வெளிக்கு வந்தால், கடனீரேரி மறுபடியும் பக்கத்தில் வந்துவிடும். காக்கைதீவு, நாவாந்துறை, பின்னர் நகரம். முழு வட்டம் 50 முதல் 60 கிலோமீற்றர். ஆறுதலாக மிதித்தால் அரை நாள். கல்லுண்டாயில் மாநகரத்துக் குப்பை கொட்டப்படும் இடத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுற்றுலாப் பிரசுரங்கள் இதனைச் சொல்வதில்லை.

அல்ப்ஸ் ஏரியின் கரையிலுள்ள அமைதி, அரசாங்கமும் மக்களும் சேர்ந்து வாகனத்தைக் கட்டுப்படுத்தியதால் உண்டானது. புளியங்கூடல் வீதியின் அமைதிக்குக் காரணம் வேறு. ஆட்கள் இல்லை. 1990, 91ஆம் ஆண்டுகளில் தீவகம் இராணுவத்தின் கைக்குப் போனபோது மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். நகரத்துக்கும் தீவுக்கும் இடையே தரைவழி ஆண்டுக்கணக்கில் அறுபட்டுக் கிடந்தது. திரும்பி வந்தவர்கள் சிலர். 2006 மே 13ஆம் திகதி இரவு இந்தத் தீவில் மூன்று இடங்களில் பொதுமக்கள் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அல்லைப்பிட்டி என்ற பெயரால் உலகம் அதனை அறியும், ஆனால் அந்த மூன்று இடங்களில் புளியங்கூடலும் ஒன்று. கடற்படையினரை நோக்கியே குற்றச்சாட்டுகள் எழுந்தன. எவரும் தண்டிக்கப்படவில்லை. எஞ்சியிருந்தவர்களிலும் பலர் அதன்பின் போய்விட்டார்கள். ஆகவே, இந்த வீதியின் அமைதியை அழகென்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனது பேனாவுக்கு மனமில்லை. இது இழப்பினால் வந்த அமைதி. அப்படி வந்தது என்பதற்காக இனி அதனைச் சத்தத்தால் நிரப்பிவிட வேண்டும் என்றும் நான் கருதவில்லை. எஞ்சியிருப்பவர்களுக்கு அதனால் கிடைத்த ஒரே இலாபம், பிள்ளையைத் தனியாகச் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்பலாம் என்பது. அந்த இலாபத்தையாவது விட்டுவைக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தவருக்குச் சைக்கிளைப் பற்றி எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில் ஒரு சமூகம் முழுவதும் இரு சில்லுகளில் நின்றது. விறகும் நெல்மூட்டையும் அதிலே போயின. நோயாளியும் அதிலே போனார், மணமக்களும் அதிலே போனார்கள். மின்சாரமும் மின்கலமும் இல்லாத வீடுகளில், சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்து, டைனமோவில் வானொலியை இயக்கிச் செய்தி கேட்டார்கள். ஒருவர் மிதிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். மிதிப்பவர் களைத்தால் செய்தி தேயும். பத்திரிகைக்காரனாகிய எனக்கு, செய்தியின் விலை என்னவென்று அதைவிடத் தெளிவாக எந்தக் கல்லூரியும் கற்பித்திருக்க முடியாது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்த இரவில் மக்கள் தம் வாழ்க்கையைக் கட்டி உருட்டிச் சென்றதும் சைக்கிளில்தான். பின்னர் 2022இல் எரிபொருள் தீர்ந்து நாடு முழுவதும் வரிசையில் நின்றபோது, பரணில் தூசி படிந்து கிடந்த றலியும் லுமாலாவும் மீண்டும் வீதிக்கு வந்தன. கொழும்பில் சைக்கிள் விலை எட்டாத உயரத்துக்கு ஏறியது. வரிசை மறைந்ததும் அந்தச் சைக்கிள்களில் பெரும்பகுதி மறுபடியும் பரணுக்குப் போய்விட்டது.

இப்போது தீவகத்துக்கு வாகனங்கள் வருகின்றன. போர் முடிந்த பின்னர் நயினாதீவுக்குத் தெற்கிலிருந்து வரும் யாத்திரிகர் பஸ்கள், கோடை விடுமுறையில் புலம்பெயர்ந்தவர்கள் வாடகைக்கு அமர்த்திக்கொண்டு வரும் வான்கள், மணல் ஏற்றும் வாகனங்கள். 2025 செப்ரெம்பர் முதலாந் திகதி, மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெற் மைதானம் அமைக்கும் வேலையை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கிவைத்தார். அது நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. ஆனால் பண்ணைத் தாம்போதிக்கு அப்பாலுள்ள முதல் தீவில் ஒரு மைதானம் வந்தால் அடுத்த தீவின் வீதி அப்படியே இருக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை. காப்பெற் போட்ட வீதியில் மனிதரின் கால் தானாகவே அழுத்துகிறது. வீதி வழுவழுப்பானதும் வேகம் கூடும், வேகம் கூடியதும் அகலம் போதாது என்ற கோரிக்கை எழும், அகலம் கூட்டுவதற்கு முதலில் விழுவது வீதியோரத்து மரம். குடாநாட்டின் வேறு வீதிகளில் இதனைப் படிப்படியாகப் பார்த்துவிட்டோம்.

இந்தக் கருத்தை ஊரில் ஒருவரிடம் சொன்னேன். ஊர்காவற்றுறைப் பக்கத்தில் மீன் வாங்கி, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, யாழ்ப்பாணச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். சிரித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, நீங்கள் படம் எடுத்துப் போடச் சைக்கிள் நல்லதுதான். எனக்கு ஐஸ் கரையிறதுக்கு முன்னம் சந்தைக்குப் போகவேணும். வெளிநாட்டிலை இருந்து வாறவை எல்லாம் ஊர் பழசாவே இருக்கவேணும் எண்டு ஆசைப்படுகினம். அவையள் மட்டும் காரிலை வருவினம்."

இதைவிடக் கூர்மையான மறுப்பை நான் எங்கும் கேட்டதில்லை. இதற்குப் பதில் சொல்லாமல் சைக்கிளைப் பற்றி எழுதும் உரிமை எவருக்கும் இல்லை. அவர் சொல்வதில் முக்கால் பங்கு சரி. தீவகத்து மனிதனை அழகிய காட்சியின் ஒரு பகுதியாக நிறுத்திவைக்க நினைப்பது அநியாயம். நள்ளிரவில் பிரசவ வலியெடுத்த பெண்ணை ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்கும், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுபோக நல்ல வீதி வேண்டும். மீனுக்கு வேண்டும், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் வேண்டும், பஸ்ஸுக்கு வேண்டும். குன்றும் குழியுமான வீதியை மரபு என்று கொண்டாடுபவர் அதில் ஒரு மாதம் தினமும் பயணம் செய்து பார்க்கட்டும்.

ஆனால் மிச்சக் கால் பங்கை அவர் பார்க்கவில்லை. அவர் சந்தைக்குப் போகிற அதே காலை வேளையில், அதே வீதியில், அவருடைய மகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறாள். நல்ல வீதி என்பதற்கும் வேகமான வீதி என்பதற்கும் இடையில் உள்ள வேறுபாடு அந்தப் பிள்ளையின் உயிர். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்து மோதும் வாகனத்திடமிருந்து பெரும்பாலும் தப்பலாம். 50ஐத் தாண்டினால் தப்பும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துபோகிறது. நடப்பவரும் மிதிப்பவரும் வாகனங்களுடன் கலந்து போகும் இடங்களில் 30க்கு மேல் கூடாது என்று 2020 பெப்ரவரியில் ஸ்ரொக்ஹோமில் கூடிய உலக மாநாடு கூறியது வெறும் ஐரோப்பியச் செல்லம் அன்று. இரவில் விளக்கில்லாத வீதி, குறுக்கே படுத்திருக்கும் மாடு, பின்விளக்கு இல்லாத சைக்கிள் ஆகிய மூன்றும் சேரும் நமது ஊருக்கே அது மிகவும் பொருந்தும். ஊர்மனைகளுக்குள் வேகத்தைக் குறைத்தால் மீன் வியாபாரிக்குச் சில நிமிடங்கள்தான் தாமதம். அதற்குள் ஐஸ் கரைந்துவிடாது. அவரிடமே இதனைச் சொன்னேன். "அது சரி, ஆனா வானுக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி.

வானுக்குச் சொல்ல வேண்டியது வீதிதான். லைடன் தீவில் எல்லா வாகனங்களையும் ஒரே வீதியில் திணிக்க வேண்டிய நெருக்கடி இல்லை. குறிகட்டுவானுக்குப் போகும் பாரவண்டிகளும் யாத்திரைப் பஸ்களும் ஏற்கெனவே வேறு பக்கம் திரும்பிவிடுகின்றன. ஆகவே சரவணையிலிருந்து கரம்பொன் வரையுள்ள ஊர் வீதிகளை இப்போதைய அகலத்திலேயே வைத்து, நன்றாகச் செப்பனிட்டு, பள்ளி வாசலிலும் கோவில் வாசலிலும் வேகத்தடை போட்டு, மெதுவான வீதி என்று அறிவித்துவிடலாம். வீதி அபிவிருத்தி அதிகாரசபையும் பிரதேச சபைகளும் ஒரு மேசையில் அமர்ந்தால் முடிகிற வேலை. அகலப்படுத்துவதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு துண்டுகூட ஆகாது. ஊர்காவற்றுறைப் பாதையைப் பழுதில்லாமல் ஓட வைப்பது அடுத்தது. அது நின்றுபோகும் நாட்களில், எதிரே கண்ணுக்குத் தெரியும் காரைநகருக்குப் போக வேண்டிய ஒருவர் யாழ்ப்பாணத்தைச் சுற்றிப் போக நேர்கிறது. உல்லாசப் பயணிக்கு அது ஓர் அனுபவக் குறைவு. கச்சேரிக்கும் வைத்தியசாலைக்கும் அலைபவருக்கு ஒரு நாள் கூலி.

சுவிற்சர்லாந்தில் இன்னொன்றும் பார்த்தேன். 2000ஆம் ஆண்டில் மூர்ட்டன் என்ற ஏரியைச் சுற்றியுள்ள வீதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் வாகனங்களை நிறுத்திவிட்டு, மக்களைச் சைக்கிளோடு வரச் சொன்னார்கள். ஸ்லோ-அப் என்று அதற்குப் பெயர். இன்று அந்த நாட்டில் ஆண்டுதோறும் பல இடங்களில் நடக்கிறது. போட்டி இல்லை, பரிசு இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை. பாட்டியும் பேத்தியும் வருகிறார்கள், வழி நெடுக ஊர்ச் சங்கங்கள் பலகாரம் விற்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன்னர் உறவினர் ஒருவருடன் அந்தக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, நமது ஊர் விளையாட்டுப் போட்டிகளில் நடக்கும் மெதுவான சைக்கிள் ஓட்டம் எனக்கு நினைவுக்கு வந்தது. கால் நிலத்தில் படாமல், கடைசியாக வந்து சேருகிறவருக்கே பரிசு. உலகத்தில் வேறு யாருக்கேனும் இப்படியொரு போட்டி தோன்றியிருக்குமோ தெரியாது, ஆனால் மெதுவாகப் போவதும் ஒரு திறமை என்பதை நமது ஊர்க் கழகங்கள் எப்போதோ அறிந்திருந்தன. தைப்பொங்கலை அடுத்த ஒரு ஞாயிறு காலையில், வேலணையிலிருந்து ஊர்காவற்றுறை வரை உள்வீதியை நான்கு மணித்தியாலம் சைக்கிளுக்கு விட்டுக்கொடுத்தால் யாருக்கும் நட்டமில்லை. வைத்தியசாலை வண்டிக்கும் பஸ்ஸுக்கும் மற்ற வீதி இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்னதாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அது அரசாங்கத்தின் வேலையன்று, இந்தக் கட்டுரையைச் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் வாசிக்கிறவர்களுடையது. சித்திரை வெயிலைப் பற்றிப் பின்னர் சொல்வதாக மேலே எழுதினேன். இந்த வீதியில் சைக்கிளுக்கு முதற்பகை வானும் பஸ்ஸும் அல்ல, நிழலின்மை. பனை நெடிதுயர்ந்த மரம், வீதிக்கு அதன் நிழல் காணாது. நமது முன்னோர் இதனை அறிந்தே வழி நெடுகச் சுமைதாங்கியும் கேணியும் மடமும் கட்டினார்கள். சுமையோடு வருபவர் யாருடைய உதவியும் இன்றி இறக்கிவைத்து இளைப்பாற வேண்டும் என்பதற்காக, பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி கட்டும் வழக்கம் இருந்த மண் இது. வெளிநாட்டுப் பணம் வரத் தொடங்கிய பின்னர் ஊர்களுக்கு வளைவுகள் வந்தன, கோபுரங்கள் உயர்ந்தன. அவற்றை நான் குறை சொல்லவில்லை, அவை அவர்களின் நம்பிக்கை. அந்த வளைவுக்குள் நுழைந்து கோபுரத்தை நோக்கிப் போகிற பிள்ளைக்கு வழியில் ஒரு வேப்பமரம் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

மரநடுகை விழாக்கள் நடக்காமல் இல்லை. கன்று நட்டு, படம் எடுத்து, விருந்துண்டு கலைகிறார்கள். அடுத்த ஆடி மாதத்தில் போய்ப் பார்த்தால் குச்சி மட்டும் நிற்கும், அல்லது அதுவும் நிற்காது. தீவகத்து நிலத்தில் ஒரு வேம்போ பூவரசோ தானாக நீரைத் தேடிக்கொள்ளும் வரையில் இரண்டு கோடைகளைத் தாண்ட வேண்டும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டாதபடி கன்றைச் சுற்றிக் கூடு அடிக்க வேண்டும். நன்னீர் குறைந்த ஊரில் தண்ணீரை வண்டியில் கொண்டுவர வேண்டும். ஆகவே கன்றின் விலை ஒரு பொருட்டே அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் ஊற்றும் ஒருவரின் சம்பளம்தான் செலவு. அந்த ஊரிலேயே வேலையில்லாமல் இருக்கும் ஒருவருக்கு அந்தச் சம்பளம் போகும். சரவணைக்கும் நாரந்தனைக்கும் இடையில் வீதியின் மேற்குப் பக்கமாக முதலில் நடலாம். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பும் பிற்பகலில் வெயில் அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கிறது.